லேப்டாப்பில் டேட்டாவைத் தின்பது எந்த புரோகிராம்?

கேள்வி இதுதான்: "விண்டோஸ் 11 லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டு வேலை பார்க்கிறேன். நாளுக்கு 2 ஜிபி பிளான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நெட்வொர்க் வரிசையில் எல்லாமே 0 அல்லது 0.1 என்றுதான் காட்டுகிறது. எது தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

டாஸ்க் மேனேஜர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்பது ஒன்று, அது பதில் சொல்வது வேறொன்று. அங்கே தெரிவது இந்த நொடியின் வேகம். உங்களுக்கு வேண்டியது காலையிலிருந்து சேர்ந்த மொத்தம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மணிக்கணக்கில் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றுமே பிடிபடவில்லை என்கிறார்கள்.

நீங்கள் அலட்சியமாகத் தாண்டிப் போன அந்த 0.1-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் யூனிட் எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே 0.1 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 கிலோபைட். பார்ப்பதற்கு ஒன்றுமில்லைதான். ஆனால் இதே வேகம் ஒரு மணி நேரம் நீடித்தால் 45 எம்பி, எட்டு மணி நேர வேலைநாளில் 360 எம்பி, ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 ஜிபிக்கு மேல். இப்படி 0.1 காட்டிக்கொண்டு நாலு புரோகிராம் பின்னணியில் ஓடினால், நீங்கள் ஒரு வீடியோகூடப் பார்க்காமலே எட்டு மணி நேரத்தில் 1.4 ஜிபி போய்விடும்.

எதையும் நோண்டுவதற்கு முன், குற்றவாளி லேப்டாப்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்தால் ஆப்களின் பட்டியலில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று தனியாக ஒரு வரி இருக்கும். லேப்டாப்புக்குப் போன டேட்டா முழுவதும் அந்த ஒரே வரியில் சேரும். அங்கே 300 எம்பிதான் இருக்கிறது, மேலே யூடியூப் 1.2 ஜிபி என்று நிற்கிறது என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஹாட்ஸ்பாட் வரிதான் முதலிடத்தில் இருக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள். அந்த வரிக்குள் எந்த புரோகிராம் எவ்வளவு என்று போனால் சொல்ல முடியாது. வீட்டு ரவுட்டராலும் முடியாது. வெளியே போகும் பேக்கட்டில், அதாவது டேட்டாவின் சின்னத் துண்டில், எங்கிருந்து, எங்கே, எந்த போர்ட் (இணைப்பின் வாசல் எண்) என்ற விவரம் இருக்கும். குரோம் அனுப்பியதா, ஒன்டிரைவ் அனுப்பியதா என்று எழுதியிருக்காது. எந்த சாக்கெட்டை (நெட் இணைப்பின் முனையை) எந்த புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) திறந்தது என்பது அந்தக் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஆகவே கணக்கை லேப்டாப்புக்குள்ளேதான் எடுத்தாக வேண்டும். இந்த மாதிரிக் கேள்விக்கு "வயர்ஷார்க் போட்டுப் பாருங்கள்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். வயர்ஷார்க் அருமையான கருவி, ஆனால் விண்டோஸில் அது பேக்கட்டைக் காட்டுமே தவிர அதன் புராசஸ் பெயரைக் காட்டாது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

சரி, மொத்தக் கணக்கு எங்கே இருக்கிறது? செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், டேட்டா யூசேஜ். இந்த வழியே போனால் கடந்த 30 நாளில் எந்த ஆப் எவ்வளவு பயன்படுத்தியது என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக இருக்கும். மேலே எந்த நெட்வொர்க் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் வைஃபையின் கணக்கைப் பார்த்துவிட்டு ஹாட்ஸ்பாட்டைப் பற்றி முடிவுகட்டுபவர்கள் நிறைய. 30 நாள் கணக்கு உங்களுக்கு உடனே உதவாது. எனவே ரீசெட் செய்துவிட்டு, காலையில் வேலையை ஆரம்பித்து, டேட்டா தீர்ந்த நேரத்தில் மறுபடி திறந்து பாருங்கள். பத்தில் ஏழு எட்டுப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். டாஸ்க் மேனேஜரிலேயே ஆப் ஹிஸ்டரி என்றொரு பக்கம் உண்டு. ஆனால் அது சாதாரணமாக ஸ்டோரிலிருந்து வந்த ஆப்களை மட்டுமே காட்டும். எல்லா புராசஸின் வரலாற்றையும் காட்டு என்று நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். அதனால் நான் அதை அதிகம் நம்புவதில்லை.

இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாத, ஆனால் மிகவும் உபயோகமான சங்கதி. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஸ்ரம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பதிவேடு ஒவ்வொரு விண்டோஸிலும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சிஸ்டம் ரிசோர்ஸ் யூசேஜ் மானிட்டர் என்பது முழுப்பெயர். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் எஸ்ஆர்யு என்ற சின்ன ஃபோல்டரில் ஒரு டேட்டாபேஸ் ஃபைலாக உட்கார்ந்திருக்கும். ஏறத்தாழ மணிக்கொரு முறையும், கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யும்போதும், எந்த புரோகிராம் எவ்வளவு பைட் அனுப்பியது, எவ்வளவு வாங்கியது, எந்த யூசர் கணக்கில் என்று அதில் எழுதிவைக்கும். சைபர் குற்ற விசாரணையில் கம்ப்யூட்டரைப் பிரித்து ஆராய்பவர்கள் இந்த ஃபைலைத் தேடிப் போவது வழக்கம். நமக்கு அவ்வளவு பெரிய தேவை இல்லை. நிர்சாஃப்ட் இலவசமாகத் தரும் நெட்வொர்க் யூசேஜ் வியூ என்ற சின்ன புரோகிராம் இந்த ஃபைலைத் திறந்து அட்டவணையாகக் காட்டிவிடும். செட்டிங்ஸ் பக்கம் மொத்தத்தை மட்டும் சொல்லும். இது எந்த மணியில் போனது என்பதையும் சொல்லும். காலை 9 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் ஒரே புரோகிராம் 900 எம்பி வாங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முக்கியமாக, நேற்று நடந்ததையும் பார்க்கலாம். முன்கூட்டியே எந்த மென்பொருளையும் போட்டு வைத்திருக்கத் தேவையில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருப்பதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் ரிசோர்ஸ் மானிட்டர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். உள்ளே நெட்வொர்க் பக்கத்துக்குப் போங்கள். டாஸ்க் மேனேஜரைவிட இது இரண்டு விதத்தில் மேல். முதலாவது, இங்கே எண்கள் நொடிக்கு இத்தனை பைட் என்று, கடந்த ஒரு நிமிடத்தின் சராசரியாக வரும். டாஸ்க் மேனேஜர் 0 என்று சுருக்கிவிடுகிற சின்னச் சின்ன ஒழுக்கெல்லாம் இங்கே 3,000, 5,000 என்று கண்ணில் படும். இரண்டாவது, மேலே ஒரு புராசஸுக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தில் டிக் போட்டால், கீழே அந்த புராசஸ் எந்தெந்த முகவரியோடு பேசுகிறது என்பது மட்டும் வடிகட்டி வரும். அனுப்பியது, வாங்கியது இரண்டும் தனித்தனி வரிசையில் இருக்கும். இந்தப் பிரிவைக் கவனிக்காமல் விடாதீர்கள். நெட் தீர்கிறது என்றாலே டவுன்லோடைத்தான் சந்தேகப்படுகிறோம். பிளான் கணக்கில் அப்லோடும் சேர்கிறது.

அதற்கு ஓர் உதாரணம். தெரிந்தவர் ஒருவரின் கடையில் பில் போடும் புரோகிராமின் டேட்டா ஃபைல் 150 எம்பி இருந்தது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று யாரோ அதை ஒரு கிளவுட் ஸ்டோரேஜின் சிங்க் ஃபோல்டருக்குள் (உள்ளே இருப்பது தானாக நெட்டில் நகலாகும் ஃபோல்டர்) வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பில் போடும்போதும் அந்த ஃபைல் மாறும். மாறியதும் சிங்க் புரோகிராம், மாறிய பகுதியை மட்டும் அனுப்பாமல் முழு ஃபைலையும் மறுபடி அப்லோட் செய்யும். பத்துப் பில் போட்டால் 1.5 ஜிபி. டவுன்லோடு வரிசையில் பார்த்தவரை எல்லாம் சுத்தமாக இருந்தது. அனுப்பியது என்ற வரிசையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபைலை வெளியே எடுத்து, இரவில் ஒரு முறை மட்டும் நகல் போகிற மாதிரி வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. உங்களிடம் இப்படி அடிக்கடி மாறுகிற பெரிய ஃபைல் ஏதாவது சிங்க் ஃபோல்டரில் கிடக்கிறதா என்று பாருங்கள். மெயில் சேமிப்பு ஃபைல், விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் ஃபைல் எல்லாம் இந்த ரகம்.

பெயர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பட்டியலில் மேலே நிற்கும் பெயர் பல நேரம் வெறும் கைக்கூலி. ஏவியது வேறு யாரோ.

விண்டோஸில் இதற்கு முதல் சாட்சி எஸ்விசிஹோஸ்ட். இதைப் பார்த்ததும் வைரஸ் என்று பயந்து கில் செய்யப் போகிறவர்கள் உண்டு. வேண்டாம். அது விண்டோஸ் சர்வீஸ்களை ஏற்றி ஓட்டுகிற வண்டி, அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஒரே வண்டியில் பத்துப் பதினைந்து சர்வீஸ்கள் ஏறியிருக்கும். யார் தின்றது என்று பிரிக்கவே முடியாது. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் கொடுத்துவிட்டார்கள். எனவே இப்போது சுலபம். ரிசோர்ஸ் மானிட்டரில் அந்த வரியின் பிஐடி எண்ணை, அதாவது ஒவ்வொரு புராசஸுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜரில் சர்வீசஸ் பக்கத்துக்குப் போய், பிஐடி வரிசைப்படி அடுக்கி, அதே எண்ணைத் தேடுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: விண்டோஸ் அப்டேட், பின்னணியில் டவுன்லோடு செய்யும் பிட்ஸ் என்ற சர்வீஸ், அல்லது டோஎஸ்விசி என்ற குறும்பெயரில் இருக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷன்.

இந்த மூன்றாவதைத் தனியாகக் கவனியுங்கள். அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து மட்டும் வாங்காமல் பக்கத்து கம்ப்யூட்டர்களிலிருந்தும் துண்டு துண்டாக வாங்கிக்கொள்வதும், நம்மிடம் இருப்பதை மற்றவர்களுக்குக் கொடுப்பதும் இதன் வேலை. செட்டிங்கைப் பொறுத்து இந்த மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களாக இருக்கலாம், இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் முகம் தெரியாத கம்ப்யூட்டர்களாகவும் இருக்கலாம். விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் இதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. அதில் ஆக்டிவிட்டி மானிட்டர் என்ற இடத்தில் இந்த மாதம் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கொடுத்தது என்று வட்டப்படம் போட்டே காட்டும். ஹாட்ஸ்பாட்டில் வாழ்பவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலை அணைத்துவிடுவது நல்லது.

அடுத்தது சிஸ்டம் என்ற பெயர், பிஐடி 4. இது விண்டோஸின் கெர்னல், அதாவது அதன் மையப்பகுதி. நெட்வொர்க் ஷேர் வழியாகப் பக்கத்து கம்ப்யூட்டருக்கு ஃபைல் காப்பி செய்தால் அந்தக் கணக்கு எக்ஸ்ப்ளோரர் பெயரில் விழாது, இதன் பெயரில்தான் விழும். அந்த டேட்டா வீட்டுக்குள்ளேயே சுற்றியது. பிளானில் ஒரு பைட்கூடக் குறைந்திருக்காது. அதனால் சிஸ்டம் பெரிய எண்ணைக் காட்டினால் உடனே பதற வேண்டாம், எதிர் முகவரி 192.168 என்று ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஆன்டிவைரஸ். சில ஆன்டிவைரஸ்கள் வெப்சைட்களைச் சோதிப்பதற்காக பிரவுசரின் போக்குவரத்தைத் தன் வழியே திருப்பிவிட்டு அனுப்பும். அப்போது நீங்கள் பார்த்த வீடியோ ஆன்டிவைரஸ் கணக்கில் ஏறும். விபிஎன் (எல்லா டேட்டாவையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் புரோகிராம்) இருந்தால் ஒரே டேட்டா இரண்டு பெயரில் வரும்: பிரவுசர் கணக்கில் ஒரு முறை, விபிஎன் புரோகிராமின் கணக்கில் இன்னொரு முறை. இரண்டையும் கூட்டிவிட்டு "டேட்டா இரட்டிப்பாகப் போகிறது" என்று சொல்லக் கூடாது.

பிரவுசரில் வேறு ஒரு சிக்கல். குரோம், எட்ஜ் இரண்டும் எல்லா டேபின் நெட்வொர்க் வேலையையும் ஒரே ஒரு தனி புராசஸ் வழியாகச் செய்கின்றன. வெளியிலிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் எந்த டேப் என்று தெரியாது. பிரவுசருக்குள்ளேயே ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமுக்கென்று தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் வரும். டேப் வாரியாக, எக்ஸ்டென்ஷன் வாரியாக நெட்வொர்க் வேகம் தெரியும். எட்ஜிலும் இப்படி ஒரு பிரவுசர் டாஸ்க் மேனேஜர் உண்டு. தானாக அடுத்தடுத்து வீடியோ ஓட்டும் செய்தித் தளம் ஒன்று பின்னால் திறந்து கிடக்கிறதா என்று அங்கே பாருங்கள். பட்டியலில் எட்ஜ் வெப்வியூ2 என்று ஒன்றைப் பார்த்து, "நான் எட்ஜையே திறக்கவில்லையே" என்று குழம்பினால், டீம்ஸ், புதிய அவுட்லுக், விட்ஜெட்ஸ் போன்றவை தங்கள் திரையை வரைவதற்கு அதைத்தான் பயன்படுத்துகின்றன.

லினக்ஸில் இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். அங்கே எல்லோரும் சொல்வது நெட்ஹாக்ஸ் என்ற கருவி. அது செய்வது எளிய வேலை: போகிற வருகிற பேக்கட்டைப் பிடித்து, அதன் போர்ட் எண்ணை கெர்னல் தரும் டிசிபி இணைப்புப் பட்டியலில் தேடி, அந்த சாக்கெட்டின் ஐநோட் எண்ணை (லினக்ஸ் தரும் அடையாள எண்) எடுத்து, எந்த புராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கிறது என்று, ஓடும் புராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் ஃபோல்டரில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. அதனால்தான் ரூட் அனுமதி கேட்கிறது. ஓடும்போது எம் என்ற எழுத்தைத் தட்டினால் வேகத்திலிருந்து மொத்தத்துக்கு மாறும். இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: சும்மா ஓட்டினால் டிசிபியை மட்டுமே எண்ணும். ஆனால் குரோமில் யூடியூப் பார்த்தால் அது பெரும்பாலும் க்விக் என்ற நெறிமுறையில் வரும். க்விக் யுடிபி மீது ஓடுவது. டிசிபி, யுடிபி இரண்டும் டேட்டாவை அனுப்பும் இரு வேறு முறைகள். 2021-இல் க்விக்கும், 2022-இல் அதன் மீது எழுந்த எச்டிடிபி 3-உம் முறையான தரங்களாகிவிட்டன. ஆக, ஒரு மணி நேரம் வீடியோ ஓடியும் நெட்ஹாக்ஸ் குரோமுக்குச் சில கிலோபைட் மட்டும் காட்டலாம். புதிய பதிப்பில் பெரிய சி ஆப்ஷனைக் கொடுத்து ஓட்டினால் யுடிபியும் சேரும். பேண்ட்விச் என்ற புதிய கருவி புராசஸ், இணைப்பு, எதிர் முகவரி மூன்றையும் ஒரே திரையில் காட்டும். ஐஎஃப்டாப், விஎன்ஸ்டாட் இரண்டும் நல்ல கருவிகள்தான், ஆனால் புரோகிராம் வாரியாகப் பிரிக்காது. சர்வரில் ஒரு குறிப்பிட்ட சர்வீஸின் கணக்கு மட்டும் போதுமென்றால், லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் அந்த சர்வீஸின் யூனிட்டுக்கு ஐபி அக்கவுண்டிங் என்ற அமைப்பை யெஸ் ஆக்கிவிட்டால் போதும். ஸ்டேட்டஸ் பார்க்கும்போது உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு என்று அதுவே சொல்லும்.

மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் நெட்வொர்க் பக்கம் போதும். அது வேகத்தோடு நிற்காமல் அனுப்பிய, வாங்கிய மொத்த பைட்டையும் காட்டுகிறது. ஆனால் அந்த எண் புராசஸ் ஆரம்பித்த நேரத்திலிருந்து மட்டும். மூடித் திறந்தால் மறுபடி பூஜ்யம்.

விண்டோஸில் தனியாக மென்பொருள் போட வேண்டுமா? பலர் கிளாஸ்வயர் போடுகிறார்கள். படம் அழகாக இருக்கும், புதிய புரோகிராம் முதல் முறை நெட்டைத் தொட்டால் சொல்லும். நெட்லிமிட்டர் காசு கொடுத்து வாங்குவது. புரோகிராம் வாரியாக வேகத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யும். என் கருத்து: முதலில் விண்டோஸ் தானே எழுதிவைத்திருக்கும் கணக்கைப் படியுங்கள். நெட்வொர்க் அடுக்குக்குள் டிரைவர் போடும் மென்பொருளை, ஒரே ஒரு முறை பார்ப்பதற்காக லேப்டாப்பில் ஏற்றுவது அதிகப்படி. ஆன்டிவைரஸும் விபிஎன்னும் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தால் சண்டையும் வரும்.

உங்கள் விஷயத்தில் கணக்கு எடுத்து முடித்த பிறகு ஒன்றைச் செய்துவிடலாம். வைஃபை செட்டிங்கில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்டீஸைத் திறந்து மீட்டர்டு கனெக்ஷன் (அளவு வைத்த நெட் என்று விண்டோஸுக்குச் சொல்லும் செட்டிங்) என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான விண்டோஸ் அப்டேட்கள் தானாக டவுன்லோடு ஆகாது, ஒன்டிரைவ் சிங்க்கை நிறுத்திக்கொள்ளும். இந்த செட்டிங் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனி. போனை மாற்றினாலோ ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினாலோ மறுபடி போட வேண்டும். ஆனால் இது விண்டோஸ் விடுக்கும் வேண்டுகோள் மட்டுமே, தடை இல்லை. கேம் டவுன்லோடு செய்யும் புரோகிராம்களும், பல கம்பெனிகளின் அப்டேட்டர்களும் இதைச் சட்டை செய்வதே இல்லை. அவற்றுக்கு விண்டோஸ் ஃபயர்வாலில் அவுட்பவுண்ட் ரூல் போட்டு, அந்த புரோகிராமின் ஃபைலைக் காட்டி பிளாக் கொடுப்பதுதான் வழி. வீட்டு ஃபைபருக்கு வந்ததும் ரூலை அணைத்துவிடலாம். தடுக்க வேண்டாம், வேகத்தை மட்டும் குறைத்தால் போதும் என்று நினைத்தால், விண்டோஸில் உள்ள க்யூஓஎஸ் பாலிசி என்ற வேகக் கட்டுப்பாட்டு வசதி வெளியே போகும் அப்லோடை மட்டுமே கட்டுப்படுத்தும். டவுன்லோடுக்கு அது உதவாது.

ஆக, இன்று இரவு டேட்டா யூசேஜை ரீசெட் செய்யுங்கள், மீட்டர்டை இப்போதைக்கு ஆன் செய்யாமல் விடுங்கள். நாளை டேட்டா தீர்ந்ததும் முதல் மூன்று பெயர்களையும், நெட்வொர்க் யூசேஜ் வியூவில் அவற்றின் அனுப்பிய, வாங்கிய எண்களையும் குறித்துச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று எஸ்விசிஹோஸ்ட் என்றால் எந்த சர்வீஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.